பதின்மூன்று வயதில் ஷோகேஸ் வேண்டுமா? பேஸ்பால் ஆடும் பிள்ளையைப் பெற்றவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: "என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. வட கரோலினாவில் இருக்கிறோம். அவன் பிட்சர் (பந்து வீசுபவன்), சில ஆட்டங்களில் கேட்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவன்) நிற்கிறான். இந்த இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் விடாமல் ஆடவேண்டும் என்கிறார் டிராவல் டீம் (ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணி) கோச். ஷோகேஸ் என்று சொல்லும், கல்லூரிக் கோச்சுகளுக்கு ஆட்டத்தைக் காட்டும் கட்டண நிகழ்ச்சிகள் நான்குக்கும் சேர்த்து முன்பணம் வெள்ளிக்கிழமைக்குள் கட்டவேண்டுமாம். இப்போதே கல்லூரிக் கோச்சுகளின் கண்ணில் படாவிட்டால் ஸ்காலர்ஷிப் கைநழுவிப் போய்விடுமா?"

முன்பணம் கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை நெருங்குவதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். ஏன் என்பதை இனி சொல்கிறேன்.

நான் வட கரோலினாவின் கேரியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் சிறுவர் அணிகளுக்கு உதவிக் கோச்சாக இருந்தேன். என் மகன் டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்று மட்டங்களில் கடைசி) கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகள் ஆடிப் படிப்பையும் முடித்துவிட்டான். நீங்கள் இன்று கேட்பதையே நானும் ஒரு காலத்தில் கேட்டேன். எனக்குத் தவறான பதில் சொன்னார்கள், நானும் பணத்தைக் கட்டினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், கோச்சுகளின் கண்ணில் படும் விஷயம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2023 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தது. பையன் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் 1 கோச் எவரும் அவனிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. போன், மெசேஜ், முகாமில் ஓரமாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை, எதுவும் கூடாது. அதற்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், சில நேரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வாய்மொழியாக ஒரு கல்லூரிக்குச் சம்மதம் சொல்லிவிடுவார்கள். அந்தச் சம்மதம் இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. மூன்று வருடம் கழித்துப் பையன் எதிர்பார்த்தபடி வளராவிட்டால் கல்லூரி மெல்ல ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் கூத்தை நிறுத்தத்தான் விதி வந்தது. உங்கள் பையனுக்கு அந்த ஆகஸ்ட் வர ஏறக்குறைய மூன்று ஆண்டு இருக்கிறது. இப்போது அவனை யாரிடம் காட்டப்போகிறோம்? பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன் வைத்திருப்பவர் ஒரு எண்ணை எழுதி, அதை ஒரு இணையதளத்தில் அவன் பெயருக்கு நேரே போடுவார். 13 வயதில் வீசிய வேகத்தைப் பதினேழில் எந்தக் கோச்சும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தது ஸ்காலர்ஷிப். நம்மவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் படிப்புச் செலவு முழுவதும் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் அப்படி உண்டு. பேஸ்பாலில் நீண்ட காலம் ஒரு டிவிஷன் 1 அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப்தான். அதை 27 பேர் வரை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவருக்கு நாற்பது சதவீதம், இன்னொருவருக்கு இருபத்தைந்து, மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த உச்சவரம்பு போய்விட்டது. பதிலுக்கு அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். 34 பேருக்கும் முழுத் தொகை கொடுக்கலாம் என்பது விதி. அவ்வளவு பணம் வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. டிவிஷன் 2 அணிக்கு 9. டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் அப்படித்தான்.

நாடு முழுவதும் ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவர்களில் என்சிஏஏ அணி ஒன்றில் இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் சுமார். டிவிஷன் 1 என்றால் இரண்டு பேர். இதைப் பையனின் ஆசையில் மண்ணள்ளிப் போடுவதற்காகச் சொல்லவில்லை. ஸ்காலர்ஷிப்புக்கு முதலீடு என்று நினைத்துப் பணத்தை இறைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் மகனின் ஒன்பதாம் வகுப்புக் கோடையில் மட்டும் ஓட்டல், பெட்ரோல், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் டாலரைத் தாண்டியது. அதை அவனுடைய 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தால் பின்னால் கிடைத்திருக்கக்கூடிய எந்த விளையாட்டு உதவித்தொகையையும்விட உருப்படியாக இருந்திருக்கும். அவன் ஆடவேண்டும் என்பதற்காகச் செலவழியுங்கள், அது நியாயமான செலவு. திரும்பி வரும் என்று செலவழிக்காதீர்கள்.

இனி கை. எனக்கு உண்மையில் கவலை இங்கேதான்.

13 வயதுப் பையனின் முழங்கையில் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. குருத்தெலும்பாலான அந்த இடம் பக்கத்திலுள்ள தசைநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்கு அளவுக்கு மீறி வீசினால் தசைநார் கிழியும். சிறுவனுக்கு அந்தத் தட்டுதான் முதலில் விலகும். டாக்டர்கள் அதை, சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீகின் பெயரால், லிட்டில் லீக் எல்போ என்பார்கள். தோள்பட்டைக்கும் இதேபோல் ஒன்று உண்டு. பதினைந்து, பதினாறு வயதில் தட்டு மூடியதும் அதுவரை அது தாங்கிய சுமை தசைநாருக்கு மாறும். அது கிழிந்தால் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் அதை முதலில் செய்தபோது, வாழ்க்கையில் இனிமேல் பந்து வீசுவாரா என்ற நிலையிலிருந்த டாமி ஜான் என்ற 31 வயதுப் பிட்சருக்குச் செய்தார். இன்று ஹைஸ்கூல் பிள்ளைகள் அதற்காக ஆபரேஷன் டேபிளில் படுக்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் வேகம் கூடும் என்று நம்பும் பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். அதில் உண்மை இல்லை. ஒரு வருடத்துக்கும் மேலான மறுவாழ்வுப் பயிற்சியில் உடம்பு முழுவதும் வலுவாகிறது. அந்தப் பயிற்சியைக் கத்தி வைக்காமலேயே செய்யலாம்.

அலபாமாவின் பர்மிங்ஹாமில் இருக்கும் விளையாட்டு மருத்துவ ஆய்வு நிலையத்தார் இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமில்லாதவர்களையும் ஒப்பிட்டு 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் வீசியவர்கள் கத்திக்கு வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு 36 மடங்கு. 2011ல் வந்த இன்னொரு ஆய்வு, வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய சிறுவர்களுக்குக் கடுமையான காயம் வர மூன்றரை மடங்கு வாய்ப்பு என்றது. வளைந்து போகும் கர்வ்பால் போட்டால் கை கெடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். எண்ணிக்கையும் களைப்பும் செய்யும் கெடுதல் அதைவிடப் பெரிது.

அந்த 36 மடங்கு என்ற எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. என் மகனுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தபோது ஒரு சனி ஞாயிறு டோர்னமென்ட். சனிக்கிழமை காலை நான்கு இன்னிங்ஸ் வீசினான். ஞாயிறு அரையிறுதியில் வேறு ஆள் இல்லை என்று மறுபடி மவுண்டில் (பிட்சர் நின்று வீசும் மேடு) ஏற்றினார்கள். விதிப்படி தவறே இல்லை, ஏனென்றால் அந்த டோர்னமென்ட்டில் இன்னிங்ஸைத்தான் எண்ணினார்கள், பிட்சுகளை, அதாவது வீசிய பந்துகளை, எண்ணவில்லை. ஒரு இன்னிங்ஸ் ஒன்பது பிட்சிலும் முடியும், முப்பத்தைந்திலும் முடியும். மைதான ஓரத்துப் புல்பென்னில் உடம்பைச் சூடேற்ற வீசியதும், வாரத்தின் நடுவில் தனி வகுப்பில் வீசியதும் யார் கணக்கிலும் வராது. வீடு திரும்பும்போது "கை வலிக்குதாடா?" என்று கேட்டேன். "வலிக்கலப்பா, கனமா இருக்கு" என்றான். நான் விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவன் இடது கையால் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் வலதுகைக்காரன்.

அன்றே டாக்டரிடம் போனோம். வளர்ச்சித் தட்டு லேசாக விலகியிருந்தது. மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார். ஆபரேஷன் இல்லாமல் தப்பித்தோம். பையன் வலியைச் சொல்லவே மாட்டான். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு. "கனமாக இருக்கிறது", "கை வரமாட்டேங்குது", "லேசா இழுக்குது" என்று ஏதாவது சொல்வான். அதை வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சட்டை மாட்டும்போது கையை எப்படித் தூக்குகிறான் என்று கவனியுங்கள்.

தொழில்முறை அணிகளின் மேஜர் லீக் பேஸ்பாலும் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014ல் பிட்ச் ஸ்மார்ட் என்று ஒரு வழிகாட்டி போட்டார்கள். 13, 14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பிட்ச். 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். சனிக்கிழமை 70 பிட்ச் வீசிய பையன் வியாழக்கிழமைதான் மறுபடி வீசலாம்; ஞாயிறு ஃபைனல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வருடத்தில் நான்கு மாதம் பந்து வீசக்கூடாது, அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்கவேண்டும். ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் நிற்கக்கூடாது. இந்தக் கடைசி வரியை உங்கள் கோச்சிடம் கட்டாயம் காட்டுங்கள். கேட்சர் ஒவ்வொரு பிட்சுக்கும் பந்தைத் திருப்பி வீசுகிறான்; அந்த வீச்சுகளை யாரும் எண்ணுவதில்லை.

ஒரு சின்ன நோட்டு வாங்கிப் பையன் வீசும் ஒவ்வொரு பிட்சையும் நீங்களே எழுதுங்கள். பள்ளி அணி, டிராவல் அணி, தனி வகுப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். பள்ளிக் கோச்சுக்கு டிராவல் அணியில் என்ன நடந்தது என்று தெரியாது, இவருக்கு அங்கே நடந்தது தெரியாது. இரண்டும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

குளிர்காலத்தில் அவன் சும்மா உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. கூடைப்பந்து ஆடட்டும், ஓடட்டும், கால், இடுப்பு, முதுகுக்கு வலு சேர்க்கட்டும். பந்தின் வேகத்தில் பெரும்பங்கு காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பக்கத்து மோரிஸ்வில்லில் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் வேகப்பந்து வீசும் கைக்கு அது ஓய்வு ஆகாது. அந்த நான்கு மாதத்தில் பேட்டிங்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த வயதில் இன்னொன்றும் நடக்கிறது. லிட்டில் லீகில் மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 46 அடி, பேஸ்களுக்கு இடையே 60 அடி. பெரிய மைதானத்தில் அது 60 அடி 6 அங்குலமும் 90 அடியும் ஆகிவிடுகிறது. 12 வயதில் சீக்கிரம் மீசை முளைத்துக் கொடிகட்டிப் பறந்த பையன் பதினான்கில் சாதாரணமாகத் தெரிவான். குள்ளமாக, மெல்லிய கையோடு நல்ல முறையில் வீசிக்கொண்டிருந்தவன் பதினாறில் ஆறு அங்குலம் வளர்ந்து முன்னால் வருவான். இந்த இடைவெளியில்தான் பல பிள்ளைகள் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

பெரிய பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரன் ஜட்ஜ் கலிஃபோர்னியாவில் லிண்டன் என்ற சின்ன ஊரின் பள்ளியில் ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால் மூன்றும் ஆடினார். 2010ல் மேஜர் லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 31ஆம் சுற்றில் அவரை எடுத்தார்கள்; கையெழுத்துப் போடாமல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்குப் போய், 2013ல் முதல் சுற்றில் யாங்கீஸ் அணிக்குப் போனார். ஜேக்கப் டிகிராம் ஸ்டெட்சன் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர். மூன்றாம் ஆண்டில்தான் மவுண்டில் ஏறினார், பிறகு 2018லும் 2019லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பால் ஸ்கீன்ஸ் விமானப்படை அகாடமியில் கேட்சராகவும் பிட்சராகவும் இருந்துவிட்டு எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறி, 2023 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். ஆல்பர்ட் புஹோல்ஸ் மிசூரியில் ஒரு கம்யூனிட்டி காலேஜிலிருந்து 13ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர்.

தாய்வழியில் இந்திய வம்சாவளியான பிட்சர் குமார் ராக்கரையும் இங்கே சொல்லவேண்டும். நம் வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குக் கண் விரியும். வாண்டர்பில்ட்டில் முதலாண்டு மாணவராக 2019ல் டியூக்குக்கு எதிராக 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் வீசினார். 2021ல் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த ஆண்டு ரேஞ்சர்ஸ் அணி மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023ல் டாமி ஜான் சிகிச்சை, 2024 செப்டம்பரில் மேஜர் லீக். அவ்வளவு திறமைக்கும் கடைசியில் பேரம் நடந்தது கையின் ஸ்கேன் படத்தை வைத்துத்தான்.

இப்போது கல்லூரிச் சந்தை எப்படி மாறியிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் டிராவல் கோச்சுகள் பலர் பத்து வருடத்துக்கு முந்தைய கதையையே சொல்கிறார்கள். 2018ல் வீரர்கள் கல்லூரி மாறப் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021லிருந்து ஒருமுறை மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, 2024லிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். டிராஃப்ட் 40 சுற்றிலிருந்து 20 ஆகிவிட்டது. முன்பு தொழில்முறைக்குப் போயிருக்கக்கூடிய பிள்ளைகளும் கல்லூரியிலேயே தங்குகிறார்கள். அணியில் 34 இடம்தான். பெரிய கல்லூரியின் கோச் இடத்தில் இருந்து பாருங்கள்: 18 வயதுப் பையனை எடுத்து இரண்டு வருடம் வளர்ப்பாரா, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக் காட்டிய 21 வயதுக்காரனை எடுப்பாரா? அதனால் முதல் ஆண்டிலேயே ஆட வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் தொடங்குவது இன்றைக்குப் புத்திசாலித்தனம். ஜூனியர் காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் தொடங்கி மேலே போகலாம். "கம்யூனிட்டி காலேஜா?" என்று நம் வீட்டில் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஜூனியர் காலேஜ்களின் முதல் டிவிஷனில் ஒரு அணிக்கு 24 ஸ்காலர்ஷிப் வரை உண்டு என்று சொல்லிப் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அதை யாரும் விற்பனை செய்வதில்லை, அதனால் யாரும் பேசுவதுமில்லை. எம்ஐடி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, சிகாகோ பல்கலைக்கழகம் எல்லாம் பேஸ்பாலில் டிவிஷன் 3. விளையாட்டுக்குப் பணம் இல்லை. ஆனால் கோச்சுக்குப் பிடித்த பையனின் மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே பார்த்து, தேறுமா தேறாதா என்று கோச்சிடம் சொல்லும் வழக்கம் இப்படிப்பட்ட கல்லூரிகள் பலவற்றில் உண்டு. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் அது நடக்கும். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவில் ஒருவர் எழுந்து "இந்தப் பையன் எனக்கு வேண்டும்" என்று சொல்வதற்கு என்ன மதிப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவித்தொகை தனி. என் மகனுக்குக் கிடைத்தது அப்படித்தான். அவன் மணிக்கு 83 மைல் வீசியவன். எந்த ஷோகேஸிலும் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த மதிப்பெண்தான் அவனுடைய ஃபாஸ்ட்பால். டிவிஷன் 1க்கே போனாலும் என்சிஏஏ கேட்கும் 16 அடிப்படைப் பாடங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும்.

சரி, எப்போதுதான் வெளியே காட்டுவது? பத்தாம் வகுப்புக் கோடையிலிருந்து. அதுவும் காட்ட ஏதாவது இருந்தால். அப்போது முதலில் ஒரு வீடியோ எடுங்கள், ஒன்றரை நிமிடத்துக்குள். பிட்சர் என்றால் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீச்சு. கேட்சர் என்றால் இரண்டாம் பேஸுக்கு எறிவது. பாட்டுப் போடவேண்டாம், கோச்சுகள் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். வேகம், 60 கெஜ ஓட்டம், உயரம், எடை, மதிப்பெண் சராசரி எல்லாம் மேலேயே இருக்கட்டும். எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரே ரேடார் கன்னில் மாட்டிக்கொள்ளும். மின்னஞ்சலைப் பையன் எழுதவேண்டும். அப்பா எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

முகாம் அழைப்புகள் வரும், பையன் பெயர் அச்சிட்டு, கல்லூரிச் சின்னம் போட்டு. எங்களுக்கும் ஒன்று வந்தது. நான்கு மணி நேரம் காரில் போனோம். நூற்றைம்பது பிள்ளைகள், தலைமைக் கோச் காலையில் பத்து நிமிடம் வரவேற்புரை சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒன்று கற்றுக்கொண்டேன்: பையன் ஆடியதைப் பார்த்தேன் என்று கோச் ஒருவர் குறிப்பாக எழுதியிருந்தால்தான் அது அழைப்பு. மற்றது விளம்பரம்.

இப்போது பணம் செலவழிக்க ஆசையாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஜூன் தொடக்கத்தில் டிவிஷன் 2 சாம்பியன்ஷிப் கேரியிலேயே நடக்கும். ஒரு மாலை பையனைக் கூட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்காருங்கள். அந்த அளவில் ஆடும் 21 வயதுப் பையன்களின் தோளையும் தொடையையும் அவன் கண்ணால் பார்க்கட்டும். ஒரு பிட்சர் ஒரு இன்னிங்ஸில் எத்தனை ஸ்ட்ரைக் போடுகிறான், தப்பான பிட்சுக்கு அப்புறம் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான் என்று எண்ணச் சொல்லுங்கள்.

கோச்சுக்கு வெள்ளிக்கிழமை என்ன சொல்வது என்று கேட்பீர்கள். சண்டை வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கை ஓய்வில் இருக்கும், ஷோகேஸ் பத்தாம் வகுப்புக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வசந்தத்தில் அவன் பிட்ச் எண்ணிக்கையை நான் ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு அனுப்புகிறேன், பிட்ச் செய்த அன்று கேட்சராக நிற்கமாட்டான் என்று எழுதி அனுப்புங்கள். நல்ல கோச்சுக்கு இதில் கோபம் வராது. என் மகனின் இரண்டாவது டிராவல் கோச் நான் அனுப்பிய இதே மாதிரித் தகவலைப் படித்துவிட்டு, மற்ற பெற்றோரிடமும் அதே நோட்டைக் கேட்டார். இடம் தரமாட்டேன் என்று உங்கள் கோச் சொன்னால், ஊரில் வேறு அணிகள் இருக்கின்றன. பையனின் வலது முழங்கை ஒன்றுதான் இருக்கிறது.